கயிற்றுப் பை

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் உன் மகளும் சுகம். உன் கழுத்து வலி குறைந்ததா? பகலெல்லாம் கோர்ட்டில் சாட்சி சொல்வதை டைப் அடித்துவிட்டு, அறைக்கு வந்தும் குனிந்தே உட்கார்ந்திருக்காதே.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். ஆனால் இங்கே ஆபீஸ் அறையில் ஒரே ஒரு போன். வரிசையில் நிற்கிற எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அதனால் பழையபடி கடிதம்தான்.

பள்ளியில் இந்த வருடம் புதுத் திட்டம். ஒன்பதாம் வகுப்புக்குச் சனிக்கிழமை பாடமே கிடையாது. பாதி நாள் பாறை ஏறுதல், பாதி நாள் வகுப்பறைக்கு வெளியே ஏதாவது ஒரு பரிசோதனை. பாறைக்கு ஒரு மாஸ்டரைப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். அதிகம் பேசமாட்டார். பிள்ளைகள் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு வந்து நின்றால் "முடிச்சக் காட்டு" என்பார். பார்த்துத் தலையாட்டுவார். அவ்வளவுதான் அவருடைய பாடம். பிள்ளைகள் அவருக்கு முடிச்சு மாஸ்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பரிசோதனைகளுக்குப் பொறுப்பு, கெமிஸ்ட்ரி டீச்சராகிய நான்.

உன் மகளுக்கும் பெயர் வைத்தாகிவிட்டது. பாறையில் மேலே ஏறாமல் பக்கவாட்டிலேயே போய்க்கொண்டிருந்தாள். கீழே நின்ற நெட்டை, அதுதான் அவள் பக்கத்துக் கட்டில் பெண், "ஏய் நண்டு, மேல போடி! கடலுக்கா போற?" என்று கத்தினாள். அன்றிலிருந்து ஹாஸ்டல் முழுக்க நண்டு. ஒருத்தி ஏறும்போது இன்னொருத்தி கீழே நின்று கயிற்றைப் பிடிக்க வேண்டும். நெட்டை ஏறினால் நண்டு பிடிக்கிறாள், நண்டு ஏறினால் நெட்டை.

அடுத்த மாதம் பாறைக்குப் பக்கத்திலேயே ஒரு முகாம் போடலாம் என்று யோசனை சொல்லியிருக்கிறேன். வெள்ளைத் துணி கட்டி, விளக்கு போட்டு, என்னென்ன பூச்சிகள் வருகின்றன என்று பிள்ளைகள் கணக்கெடுக்க வேண்டும். பிரின்சிபால் சரி என்றுவிட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை

*

ஜூன் 25

அன்புள்ள தங்கைக்கு,

கழுத்து இருக்கிறது, வலியும் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று விட்டுப் பிரிவதாகத் தெரியவில்லை. மற்றபடி நலம்.

பாறை ஏறுதல் என்று படித்தேன். முகாமுக்காகப் பள்ளி கேட்ட சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பேனாவை மூன்று தடவை எடுத்தேன், கீழே வைத்தேன். அவள் அப்பா போன பிறகு அவள் விஷயத்தில் எனக்குத் தைரியம் ரொம்பக் குறைந்துவிட்டது. எனக்கு மாற்றல் வந்தபோது அவளை உன்னிடம் விட்டுவிட்டு வந்தேனே, அது பள்ளிக்கூடத்தை நம்பி இல்லை. உன்னை நம்பித்தான். நீ பக்கத்தில் இருக்கிறாய் என்பதால் கையெழுத்துப் போடுகிறேன்.

நண்டையும் நாலு வரி எழுதச் சொல். அந்த நெட்டைப் பெண்ணிடம் சொல், என் மகள் கடலுக்குப் போனாலும் கயிற்றை விடக்கூடாது என்று.

அக்கா

*

ஜூலை 22

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் நலம். முகாம் நன்றாக நடந்து முடிந்தது. இனி நீ பேனாவைக் கீழே வைக்க வேண்டியதில்லை.

விளக்குக்கு மின்சாரம் வேண்டுமே. பள்ளி வேனில் கழற்றிப் போட்டிருந்த பழைய பேட்டரியைச் சைக்கிள் டைனமோ வைத்துப் பிள்ளைகளே மிதித்து மிதித்துச் சார்ஜ் ஏற்றினார்கள். ஏற்றியாகிவிட்டது, பாறைக்கு எப்படிக் கொண்டுபோவது? கனம். கையில் தூக்கிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் நடக்க முடியாது. மாஸ்டர் முதல் குழுவைக் கூட்டிக்கொண்டு முன்னாலேயே போய்விட்டார். அவர் கயிற்றுப் பை ஒன்று வாசலில் இருந்தது. இரண்டு தோளிலும் மாட்டிக்கொள்கிற பை. பார்த்ததும் எனக்கு யோசனை வந்துவிட்டது. உள்ளே சுற்றி வைத்திருந்த கயிற்றின் மேலேயே பேட்டரியை உட்கார வைத்தோம். மெத்தை மாதிரி, ஆடாமல் அசையாமல் இருந்தது. "நான் தூக்குறேன் சித்தி" என்று நண்டு முந்திக்கொண்டாள். வழியில் இரண்டு இடத்தில் வழுக்கிப் பையோடு உட்கார்ந்தாள். அடி ஒன்றும் இல்லை.

வெள்ளைத் துணியில் வந்த பூச்சிகளைப் பார்த்துப் பிள்ளைகள் தூங்கவே இல்லை. பிரின்சிபால் மற்ற வகுப்புகளுக்கும் இதைக் கொண்டுவரப் போகிறாராம். என்னைத்தான் பொறுப்பாளராகப் போடுவார் என்கிறார்கள்.

ஒரு சின்ன விஷயம். உன் மகளின் சீருடைப் பாவாடை போன சலவையிலிருந்து பொட்டுப் பொட்டாக ஓட்டையோடு வந்திருக்கிறது. சலவைக்காரரைத் திட்டிவிட்டேன். அதே நீலத்தில் பருத்தித் துணி கிடைத்தால் அனுப்பு.

உன் தங்கை

அம்மா, நான் நல்லா இருக்கேன். நெட்டை உச்சி வரைக்கும் ஏறிட்டா. நான் முக்கால் பாறை. அவ மேல நின்னுக்கிட்டு "நண்டு, அங்க காத்து எப்படி இருக்கு?"ன்னு கேக்குறா. அடுத்த மாசம் நானும் ஏறிடுவேன். – நண்டு

*

ஆகஸ்ட் 4

அன்புள்ள தங்கைக்கு,

கடிதத்தை ஆபீஸில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். "பூச்சியப் பிடிக்க வெளக்கா? எங்க வீட்டுக்கு வரச் சொல்லுங்க, வெளக்கே வேணாம்" என்றார் குமாஸ்தா. பெருமையாக இருந்தது.

பொறுப்பாளர் பதவி வந்தால் முதலில் எனக்குச் சொல். நம் வீட்டில் யாரும் எதற்கும் பொறுப்பாளராக இருந்ததில்லை.

நீலத் துணி கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். வந்ததும் அனுப்புகிறேன். நண்டிடம் சொல், முக்கால் பாறையே எனக்குப் போதும்.

அக்கா

*

ஆகஸ்ட் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நண்டு நலமாக இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன். அவளுக்கு ஒரு கீறல் கூட இல்லை.

போன சனிக்கிழமை பாறையில் ஒரு விபத்து. நெட்டை ஏறும்போது கயிறு அறுந்துவிட்டது. இடுப்பு எலும்பிலும் தொடையிலும் முறிவு. ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். உயிருக்கு ஆபத்து இல்லை என்று சொல்கிறார்கள். கயிறு பழசாகிவிட்டது என்று சொல்கிறார்கள். மாஸ்டர் சரியாகச் சோதிக்கவில்லை என்று சொல்கிறார்கள். அவரைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணை நடக்கும் என்று சொல்கிறார்கள்.

நண்டுக்குத் தேர்வு நெருங்குகிறது. அதனால் அவள் இந்த முறை எழுதவில்லை.

துணி அனுப்ப வேண்டாம். பழைய பாவாடையைப் பூச்சி அரித்திருந்தது. தூக்கிப் போட்டுவிட்டு இங்கேயே வேறு வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

உன் தங்கை

*

ஆகஸ்ட் 31

அன்புள்ள தங்கைக்கு,

கடிதம் வந்தது. அந்தப் பெண்ணின் அம்மாவை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

நெட்டை ஏறும்போது கயிற்றைப் பிடிப்பது நண்டுதான் என்று நீயே எழுதியிருந்தாய். அன்றும் அவள்தான் பிடித்திருந்தாளா? அவள் கண் முன்னால்தான் விழுந்தாளா? சாப்பிடுகிறாளா? தூங்குகிறாளா? கீறல் இல்லை என்று எழுதினாய். நான் கேட்பது கீறலை இல்லை.

கோபித்துக்கொள்ளாதே, இன்னொன்றும் கேட்கிறேன். கடிதம் முழுக்க "என்று சொல்கிறார்கள்", "என்று சொல்கிறார்கள்" என்றே எழுதியிருக்கிறாய். கூண்டில் ஏறுகிறவர்கள் எப்போது அப்படிப் பேசத் தொடங்குவார்கள் என்று எனக்குத் தெரியும். பதினெட்டு வருடமாக அதைத்தான் டைப் அடிக்கிறேன். நீ என்ன பார்த்தாய்? அதை எழுது.

துணி ஏற்கெனவே வாங்கிவிட்டேன். அனுப்பியும் விட்டேன். இருக்கட்டும். ஜூலையில் சலவைக்காரர் மேல் பழி, ஆகஸ்டில் பூச்சி மேல் பழி. அந்தப் பாவாடைக்கு உண்மையில் என்னதான் ஆயிற்று?

அக்கா

*

அக்டோபர் 3

அன்புள்ள தங்கைக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. பள்ளிக்குப் போன் செய்தேன். மூன்று தடவையும் டீச்சர் வகுப்பில் இருக்கிறார் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமையுமா வகுப்பு?

நாலாவது தடவை நண்டைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். "நல்லா இருக்கேம்மா" என்றாள். அதை அவள் சொன்ன விதத்தில் எதுவும் நல்லா இல்லை. நெட்டையைப் போய்ப் பார்த்தாயா என்றேன். பின்னால் நிற்கிறவர்கள் "சீக்கிரம், சீக்கிரம்" என்பது எனக்கே கேட்டது. திடீரென்று, "அம்மா, துணி துவைச்சதுக்கு அப்புறம் ஓட்டை விழுமா? துவைக்கிறதுக்கு முன்னாடி பாத்தா ஒண்ணுமே தெரியாம இருக்குமா?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாள்.

அன்றைக்கெல்லாம் அது மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. உன் ஜூலைக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன்.

அப்பாவின் சாம்பல் நிறச் சட்டை ஞாபகம் இருக்கிறதா? பழைய பைக்கின் பேட்டரியைக் கழற்றி மாட்டிவிட்டு வருவார். சட்டை அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். அம்மா துவைத்துக் கொடியில் போடும்போது சல்லடையாக இருக்கும். "சட்டைய போட்டுக்கிட்டு வேலை பாக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது" என்று அம்மா கத்துவாள். நீதான் அந்த ஓட்டைகளில் விரலை விட்டு விளையாடுவாய். பிறகு நீ கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வந்து, அது எதனால் என்று எங்கள் எல்லோருக்கும் விளக்கினாய்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

அக்டோபர் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே ஒரே மழை. காலாண்டுத் தேர்வுத் தாள்கள் குவிந்து கிடந்தன. எனக்கும் பத்து நாள் காய்ச்சல். இப்போது பரவாயில்லை. உன் கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பார்.

நெட்டைக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எழுந்து நடக்க இன்னும் மாதங்கள் ஆகுமாம். காலில் சற்றுக் குறை இருக்கலாமாம்.

விசாரணை அடுத்த மாதம் முதல் வாரம். மாஸ்டரை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று தோன்றுகிறது. வாரா வாரம் கயிற்றை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்ப்பேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். யாரும் நம்பவில்லை. தனி ஆள், எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வார். குடும்பம் உள்ளவர்களுக்குத்தான் கஷ்டம். நண்டு இந்தப் பள்ளியில் இருப்பது நான் இங்கே வேலையில் இருப்பதால்தான். டீச்சர் வீட்டுப் பிள்ளை என்று சேர்த்துக்கொண்டார்கள். நான் இல்லை என்றால் அவளும் இல்லை. இதை நீ யோசிக்க வேண்டும்.

அவளிடம் எதையும் கேட்டுக் குழப்பாதே. சின்னப் பெண். படிக்கிற வயது. நாள் பட்டால் மறந்துவிடுவாள்.

அப்பாவின் சட்டை எனக்கு ஞாபகம் இல்லை.

உன் தங்கை

*

அக்டோபர் 24

அன்புள்ள தங்கைக்கு,

ஒத்தடம் கொடுத்தேன். கேட்கவில்லை.

இனி நான் உன்னை எதுவும் கேட்கப் போவதில்லை. கேள்வி கேட்பது வக்கீல் வேலை. நான் டைப் அடிக்கிறவள். சாட்சி பேசினால் பேசியதை அடிக்க வேண்டும். பேசாவிட்டாலும் விட முடியாது. "சாட்சி மௌனமாக இருந்தார்" என்று அடிக்க வேண்டும். அந்த வரியை அடிக்கும்போது மட்டும் எனக்கு எப்போதும் கை தயங்கும். எதிரே நிற்கிற முகத்தைப் பார்க்காமல் அடிப்பேன்.

தனி ஆள் என்று எழுதியிருந்தாய். நானும் தனி ஆள்தான். என்னையும் நாளைக்கு யாராவது அப்படி ஒரு வரியில் தூக்கிப் போடலாம்.

பள்ளி போனால் போகட்டும். என் அறையில் மேஜைக்கு அடியில் ஓர் ஆள் படுக்கிற இடம் இருக்கிறது. நண்டு அதில் தாராளமாகப் படுப்பாள். இங்கேயும் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. அவளைச் சாக்காக வைத்து நீ எதையும் செய்யவும் வேண்டாம், செய்யாமல் இருக்கவும் வேண்டாம்.

நீ என்ன சொன்னாலும் உன் பக்கத்தில் வந்து நிற்பேன். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் எந்தப் பக்கம் வந்து நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா

*

நவம்பர் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீ நலமா? இந்தக் கடிதத்தைச் சித்தியிடம் காட்டாமல் எழுதுகிறேன். ஆனால் நான் எழுதுவது அவளுக்குத் தெரியும். "எல்லாத்தையும் எழுது. எதையும் விட்டுடாத" என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

நெட்டை விழுந்த அன்று கயிறு என் கையில்தான் இருந்தது. நான் விடவில்லை அம்மா. இறுக்கமாக இருந்த கயிறு திடீரென்று லேசாகிவிட்டது. இத்தனை நாளும் அதை யாரிடமும் சொல்லத் தெரியவில்லை.

பாவாடையில் விழுந்த ஓட்டைகளைச் சித்தியிடம் காட்டியபோது அவள் முதலில் சிரித்தாள். நெட்டை விழுந்த பிறகு அந்தப் பாவாடையைக் கேட்டேன். தூக்கிப் போட்டுவிட்டேன் என்றாள். அப்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பை என் முதுகில் இருந்தபோது ஏதோ ஈரமாக இடுப்பில், அந்தப் பாவாடை மேல் வழிந்தது. மழை ஈரம் என்று நினைத்தேன். அது பேட்டரியின் ஆசிட் தண்ணீராக இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகம் வந்தால் கேட்கக் கூடாது, செய்து பார்க்க வேண்டும் என்று சித்திதான் வகுப்பில் சொல்வாள். ஒன்றை மட்டும் மாற்று, மற்றதையெல்லாம் அப்படியே வை என்பாள்.

அதே கயிற்றுச் சுருளில் பயன்படுத்தாமல் மிச்சம் இருந்ததில் இரண்டு துண்டு வெட்டினேன். ஒன்றில் அந்தப் பழைய பேட்டரியின் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். பிறகு காயவைத்தேன். மறுபடி விட்டேன். லேப் ஜன்னலில்தான் வைத்திருந்தேன். சித்தி தினமும் அதைக் கடந்து போனாள். பார்த்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருநாள் மட்டும் என் பக்கத்தில் கையுறைகளை வைத்துவிட்டுப் போனாள்.

விசாரணை செவ்வாய்க்கிழமை லேபில் நடந்தது. பிரின்சிபால், நிர்வாகத்திலிருந்து இரண்டு பேர், நெட்டையின் அப்பா. மாஸ்டரை உட்காரச் சொல்லவில்லை. கதவோரம் நின்றுகொண்டிருந்தார். நான் உள்ளே போய், ஒரு சோதனை காட்டணும் சார் என்றேன். "இது வெளையாட்டு இல்லம்மா, போ" என்றார் பிரின்சிபால். நெட்டையின் அப்பாதான், "இருக்கட்டும் சார், எம்பொண்ணு கூட்டாளி" என்றார்.

இரண்டு துண்டுகளையும் நன்றாகக் கழுவிக் காயவைத்திருந்தேன். மாஸ்டரிடம் கொடுத்தேன். "இதுல எது கெட்டதுன்னு சொல்லுங்க சார்" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினார். வளைத்துப் பார்த்தார். வெளிச்சத்தில் காட்டினார். ரொம்ப நேரம் கழித்து, "தெரியலம்மா" என்றார். இரண்டையும் என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு இரண்டையும் இரும்புக் கம்பியில் கட்டி, உடற்பயிற்சி அறையிலிருந்து கொண்டுவந்த மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டோம். ஒரு கயிறு எல்லா மூட்டையையும் தாங்கியது. இன்னொன்று மூன்றாவது மூட்டையிலேயே அறுந்தது. மூட்டை தரையில் விழுந்த சத்தத்தில் நெட்டையின் அப்பா எழுந்துவிட்டார்.

பேட்டரி எப்படிக் கயிற்றுப் பக்கம் போனது என்று பிரின்சிபால் கேட்டார். "பையத் தூக்குனது நான் சார்" என்றேன். "பையில வச்சது யாரு?" என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா, சித்தி பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான்தான் வைத்தேன் என்று பொய் சொல்லவும் வரவில்லை. என் சோதனை அதற்கு மேல் போகவில்லை.

சித்தி ஜன்னலோரம் நின்றிருந்தாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, ஆசிட் பாட்டில்கள் வைக்கிற அலமாரியைத் திறந்தாள். உள்ளேயிருந்து என் பாவாடையை எடுத்தாள். தூக்கிப் போடவே இல்லை. மடித்து வைத்திருந்தாள். அதை மேஜை மேல் விரித்துவிட்டு, "வைக்கச் சொன்னது நான். இதப் பாத்த அன்னிக்கே நான் போய் அந்தக் கயித்த எடுத்துத் தீயில போட்டிருக்கணும். எனக்குத் தெரியாம போகல. மாஸ்டர் மேல தப்பில்ல" என்றாள்.

மாஸ்டர் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த கயிற்றுக்கிட்ட வந்தார். நான் போட்டிருந்த முடிச்சைப் பார்த்து, எப்போதும் போலத் தலையாட்டினார். சித்தியைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே போனார். மறுநாளிலிருந்து அவர் மறுபடி வேலைக்கு வருகிறார். இன்றுவரை சித்தியிடம் பேசவில்லை.

புதன்கிழமை நானும் சித்தியும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சித்தி எல்லாவற்றையும் சொன்னாள். நெட்டையின் அம்மா எங்களை வெளியே போகச் சொன்னார். நெட்டை மட்டும் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "ரெண்டரை மாசமா உனக்குச் சந்தேகம் இருந்துச்சா?" என்றாள். ஆமாம் என்றேன். "வாராவாரம் வந்து பக்கத்துல உக்காந்தியேடி" என்றாள். கையை விட்டுவிட்டாள். அதற்கு என்ன பதில் சொல்வது அம்மா? யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

சித்தியின் வேலை இந்த மாதத்தோடு முடிகிறது. நாங்கள் இரண்டு பேரும் உன்னிடம் வருகிறோம். மேஜைக்கு அடியில் ஓர் ஆளுக்குத்தான் இடம் என்று எழுதியிருந்தாயாம். சித்தி சுருண்டு படுத்துக்கொள்வாளாம், உன்னிடம் கேட்கச் சொன்னாள்.

நீ அனுப்பிய நீலத் துணியில் அவள் எனக்குப் பாவாடை தைத்துவிட்டாள். ஆனால் நான் பழையதைத்தான் போட்டுக்கொண்டு வருவேன் என்று சொல்லியிருக்கிறேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

உன் மகள்
நண்டு